ஜப்பான் தட்டுக்கு ஏன் இத்தனை மவுசு?

1972 ஆகஸ்ட் 15. ஒசாகா நகரின் ஃபெஸ்டிவல் ஹாலில் டீப் பர்ப்பிள் குழு மேடையேறியது. அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு ராக் இசையின் மிகச் சிறந்த நேரடி ஆல்பங்களில் ஒன்றாகப் பேசப்படும் என்று மேடையில் நின்ற ஐந்து பேருமே எதிர்பார்க்கவில்லை. ஜப்பானில் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த வார்னர் பயனியர் நிறுவனம், சுற்றுப்பயணத்தைப் பதிவுசெய்து ஜப்பான் ரசிகர்களுக்காக மட்டும் ஒரு தட்டு போடலாமா என்று கேட்டிருந்தது. தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் கூடவே வரவேண்டும், நாடாக்கள் தங்கள் பொறுப்பில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு குழு சம்மதித்தது. ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் ஓர் இரவு. மொத்தச் செலவு 3,000 டாலர் அளவில்தான். ஊர் திரும்பியதும் ரோஜர் குளோவரும் இயன் பேய்ஸும் மட்டும் உட்கார்ந்து ஒலிக்கலவையை முடித்தார்கள்.

அந்தத் தட்டு 'மேட் இன் ஜப்பான்' என்ற பெயரில் 1972 டிசம்பரில் இங்கிலாந்திலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வெளியாகி, விற்றுத் தீர்ந்தது. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' என்றதும் பலரும் மனசுக்குள் கேட்பது அந்த ஒசாகா இரவின் வாசிப்பைத்தான். ஜப்பானில் மட்டும் அதன் பெயர் 'லைவ் இன் ஜப்பான்'. அட்டைப் படமும் வேறு: மேடையை உயரத்திலிருந்து பார்த்து எடுத்த புகைப்படம். உள்ளே பாடல் வரிகள் அச்சிட்ட தாள். ஐந்து பேரும் தங்கள் கையால் எழுதிய செய்தி. முதலில் வந்த பிரதிகளில் இன்னொன்றும் இருந்தது. குழுவின் படங்கள் பதிந்த 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் சுருள்! வாங்கியவர் அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம்.

இன்று லண்டனிலும் லாஸ் ஏஞ்சலீஸிலும் பெங்களூருவிலும் இசைத்தட்டு சேகரிக்கிறவர்கள் 'ஜப்பான் பிரஸ்ஸிங்' என்று சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வருகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த நெகட்டிவ் சுருளைச் சேர்த்துவைத்த மனம்தான். வேறு நாட்டில், வேறு மொழியில் பாடிய ஒரு ஆல்பத்தைத் தன் ஊர் ரசிகனிடம் கொடுக்கும்போது இவ்வளவு அக்கறை காட்டிய தேசம் வேறில்லை. ஆனால் இந்த மரியாதையோடு ஒரு குழப்பமும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது. ஜப்பானில் அச்சானது என்பதற்காகவே ஒரு தட்டு நன்றாக ஒலிக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது சில நேரம் உண்மை. பல நேரம் பாதி உண்மை.

இரைச்சல் இல்லாத மேற்பரப்பு

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம்.

நல்ல நிலையில் இருக்கும் ஜப்பான் தட்டு ஒன்றை டர்ன்டேபிளில் வைத்து ஊசியை இறக்கினால், பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் கரகரப்பு அனேகமாக இருக்காது. டிக், டக் என்ற வெடிப்புச் சத்தமும் குறைவு. பிங்க் ஃபிலாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மிகத் தொலைவிலிருந்து மெல்ல நெருங்கி வரும் இதயத்துடிப்போடு தொடங்குகிறது. சாதாரணத் தட்டில் அந்தத் துடிப்பு மேற்பரப்பு இரைச்சலுக்குள் புதைந்து, பாதி வழி வந்த பிறகுதான் காதுக்கு எட்டும். நல்ல ஜப்பான் தட்டில் முதல் துடிப்பிலிருந்தே கேட்கலாம். ஒருமுறை கேட்டவர்களுக்கு ஜப்பான் தட்டின் மேல் ஆசை பிறப்பதில் ஆச்சரியமே இல்லை.

காரணம், மூலப்பொருள். 1970-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெருகிவந்த விற்பனைக்கு ஈடுகொடுக்க வேகவேகமாக அச்சடித்தன. விற்காமல் திரும்பிவந்த தட்டுகளையும், ஓரம் வெட்டிய துண்டுகளையும் அரைத்து மறுபடி உருக்கிச் சேர்ப்பது அங்கே வழக்கமாக இருந்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெயிலிருந்து பிறக்கும் வினைல் பிசினுக்கும் தட்டுப்பாடு வந்தது. தட்டின் கனம் குறைந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் அதற்கும் முன்பே 'டைனாஃப்ளெக்ஸ்' என்ற பெயரில், கையில் பிடித்தால் வளைந்து ஆடும் மெல்லிய தட்டுகளை விற்கத் தொடங்கியிருந்தது. ஜப்பானிய நிறுவனங்களோ புது வினைலில் அச்சடிப்பதை விடவில்லை.

அந்தப் புது வினைலிலும் ஒரு படி மேலே போனது விக்டர் நிறுவனம், அதாவது ஜே.வி.சி. 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் 'சி.டி.-4' என்ற நான்கு ஒலிபெருக்கி முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரே தட்டிலிருந்து முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ஒலிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்காக, மனிதக் காதுக்கே எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை மையமாக வைத்து ஒரு துணைச் சமிக்ஞையைத் தட்டின் பள்ளத்திலேயே செதுக்கினார்கள். அவ்வளவு நுணுக்கமான செதுக்கல், சாதாரண வினைலில் சில தடவை ஊசி ஓடினாலே தேய்ந்துபோகும். ஆகவே புதிய வினைல் கலவை ஒன்றை உருவாக்கினார்கள். 'சூப்பர் வினைல்' என்று பெயர். அந்தப் பள்ளத்தைச் சரியாகப் படிக்க நோரியோ ஷிபாதா என்ற ஜே.வி.சி. பொறியாளர் ஒரு புதிய ஊசி முனையை வடிவமைத்தார். ஷிபாதா ஊசி இன்றும் விற்பனையில் இருக்கிறது.

நான்கு ஒலிபெருக்கி மோகம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. கலவை மட்டும் நின்றது. அமெரிக்காவின் 'மொபைல் ஃபிடெலிட்டி' நிறுவனம் ராக் ஆல்பங்களை மிக உயர்ந்த தரத்தில் மறுபதிப்பு செய்ய இறங்கியபோது, அச்சடிக்கும் வேலையைத் தன் நாட்டுத் தொழிற்சாலைகளிடம் கொடுக்காமல் ஜே.வி.சி.யிடம் ஜப்பானில் கொடுத்தது. 1979-ல் வந்த அவர்களது 'டார்க் சைட்' அப்படித்தான் வந்தது. 1982-ல் வந்த பீட்டில்ஸ் பெட்டித் தொகுப்பும் அப்படியே. அமெரிக்க லேபிள், அமெரிக்க விலை, ஆனால் தட்டு ஜப்பானில் பிறந்தது.

தோஷிபாவின் வழி வேறு. பீட்டில்ஸின் ஜப்பானிய வெளியீட்டாளர்கள் அவர்கள்தான். தட்டில் நிலைமின்சாரம் சேர்ந்து தூசியை இழுக்காமலிருக்க வினைலிலேயே ஒரு மருந்தைக் கலந்தார்கள். 'எவர்கிளீன்' என்று அதற்குப் பெயர். அந்தத் தட்டின் நிறம் சிவப்பு. மேசைமேல் கிடக்கும்போது கருஞ்சிவப்பாகத் தெரியும். எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தால் மாதுளைச் சாறு போல ஒளி ஊடுருவும். 1970-களின் நடுப்பகுதிக்குள் சிவப்பு நின்றுபோய் எல்லாம் கறுப்பானது. அதனால் சிவப்புத் தட்டில் இருக்கும் பீட்டில்ஸுக்கும் பிங்க் ஃபிலாய்டுக்கும் இன்று தனி விலை.

இறக்குமதியோடு ஒரு போட்டி

இந்தத் தரத்துக்கெல்லாம் காரணம் ஜப்பானியரின் பரிபூரணம் தேடும் குணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அதன் பின்னால் கணக்குப் பார்த்த வியாபாரமும் இருந்தது.

ஜப்பானில் புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் வெளியீட்டாளர் வைத்த விலையில்தான் கடைக்காரர் விற்க முடியும். தள்ளுபடி கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு எல்.பி. தட்டின் விலை 2,000 யென். கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு அப்போது மாதச் சம்பளம் 50,000 யென் சுமாருக்கு இருந்தது. இரண்டு தட்டு வாங்கினாலே சம்பளத்தில் நன்றாகக் கைவைத்துவிடும். அதே நேரம், அமெரிக்காவிலிருந்து வரும் இறக்குமதித் தட்டுகளுக்கு இந்த விலைக் கட்டுப்பாடு இல்லை. பல நேரம் அவை உள்ளூர்த் தட்டைவிட மலிவாகவே கிடைத்தன.

பிறகு எதற்காக ஒருவர் உள்ளூர்த் தட்டை வாங்கவேண்டும்? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் ஜப்பானிய நிறுவனங்கள் உறைக்குள் போட்டுக் கொடுத்தன. பாடல் வரிகள், பெரும்பாலும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு. அந்த ஊர் விமர்சகர் எழுதிய நீண்ட கட்டுரை: குழுவின் வரலாறு, ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு, இதுவரை வந்த தட்டுகளின் பட்டியல். சில சமயம் போஸ்டர். இங்கிலாந்து மூலப்பதிப்பில் வரிகளே அச்சாகாத ஆல்பங்களுக்கும் ஜப்பானில் வரிகள் இருந்தன. யாரோ ஒருவர் தட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதால் கேட்டு எழுதியவை அவை. தப்புகளும் உண்டு. ஆனாலும் அந்தத் தாளை நான் மதிக்கிறேன். பாட்டு புரியவேண்டும் என்று கேட்பவனுக்காக ஒருவர் எடுத்துக்கொண்ட உழைப்பு அது.

வாங்கியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. சம்பளத்தில் அப்படி ஒரு பங்கைக் கொடுத்து வாங்கிய பொருளை அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டார்கள். தட்டின் ஓரத்தைப் பிடித்தே எடுப்பார்கள், கேட்டதும் உள்ளுறையில் போட்டுவிடுவார்கள். வெளியுறைக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை. ஐம்பது ஆண்டு கழித்தும் புதுத் தட்டு போல ஒன்று கடைக்கு வருகிறதென்றால் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பாராட்டில் பாதியை அந்த முதல் சொந்தக்காரருக்கும் கொடுக்கவேண்டும்.

இந்த அன்புக்குக் குழுக்களும் பதில் செய்தன. 1966-ல் புடோக்கானில் பீட்டில்ஸ் ஐந்து கச்சேரி செய்தார்கள். தற்காப்புக் கலைகளுக்காகக் கட்டிய அரங்கில் ராக் இசையா என்று எதிர்ப்பும் எழுந்தது. லெட் செப்பலின் 1971 செப்டம்பரில் முதல்முறை வந்தபோது ஹிரோஷிமாவில் நடத்திய கச்சேரியின் வருமானத்தை, 70 லட்சம் யென்னை, அணுகுண்டில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 1975 ஏப்ரலில் குயின் குழு டோக்கியோவில் வந்திறங்கியபோது விமான நிலையத்தில் ரசிகர்கள் திரண்டு நின்றார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் ஜப்பானிய மொழியிலும் வரிகள் கொண்ட ஒரு பாட்டைப் பதிவுசெய்தார்கள்.

காகிதப் பட்டையின் கதை

இப்போது ஓபிக்கு வருவோம். ஜப்பான் தட்டு என்றதும் சேகரிப்பாளர் முதலில் கேட்பது, 'ஓபி இருக்கா?' என்றுதான்.

ஓபி என்பது அட்டையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை. கிமோனோவின் இடுப்பில் கட்டும் பட்டையின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். ஜப்பானியப் புத்தகங்களுக்கு இருந்த வழக்கம் இசைத்தட்டுக்கும் வந்தது. ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரும் ஜப்பானிய எழுத்தில், ஒரு விளம்பர வாசகம், தட்டின் எண், விலை, சில நேரம் அதே குழுவின் மற்ற ஆல்பங்களின் பட்டியல். இவ்வளவுதான் அதில் இருக்கும். மூல அட்டைப் படத்தைத் தொடாமல், அதன்மேல் ஜப்பானிய மொழியைப் போர்த்தும் வழி இது. 1960-களில் சில தட்டுகளுக்கு அட்டையின் மேல்விளிம்பில் தொப்பி போல மாட்டும் சின்ன ஓபி வந்தது.

அப்போது வாங்கியவர்களில் பலருக்கு அது வெறும் விலைச்சீட்டு. பிரித்ததும் கிழித்துப் போட்டார்கள். தட்டை எடுக்கும்போது தானாகக் கிழிந்ததும் உண்டு. அதனால்தான் இன்று தட்டைவிடப் பட்டை அரிது.

சேகரிப்பாளர்கள் ஓபிகளுக்குச் செல்லப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் தோஷிபா விட்ட 'ராக் நவ்' ஓபி. வார்னர் பயனியரின் 'ராக் ஏஜ்' ஓபி. பீட்டில்ஸ் தட்டுகளுக்கு வந்த 'ஃபாரெவர்' ஓபி. 1976-ல் அதே பீட்டில்ஸ் தொகுப்புக்கு வந்த 'தேசியக் கொடி' ஓபி. ஒரே ஆல்பம், ஒரே அட்டை, ஏறக்குறைய ஒரே ஒலி. ஆனால் எந்த ஓபி என்பதைப் பொறுத்து விலை சில ஆயிரம் யென்னிலிருந்து பல பத்தாயிரம் யென் வரை தாவும். டோக்கியோவின் டிஸ்க் யூனியன் கடைகள், ஓபியோடு வந்தால் இந்தத் தட்டுக்கு இவ்வளவு தருவோம் என்று பட்டியல் போட்டே வாங்குகின்றன.

விலை ஏறினால் போலி வரத்தானே செய்யும்? கலர் ஜெராக்ஸ் எடுத்து வெட்டிய ஓபிகள் சந்தையில் திரிகின்றன. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் நிறங்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்த சிறு புள்ளிகளாகத் தெரியும். இன்றைய பிரிண்டரில் எடுத்தது சிதறிய துளிகளாகத் தெரியும். இன்னொரு சோதனை, ஓபியை மெல்ல உருவிவிட்டு அடியிலிருக்கும் அட்டையைப் பார்ப்பது. பல ஆண்டு ஓபி சுற்றியிருந்த இடம் வெளிச்சம் படாமல் நிறம் மங்காதிருக்கும், மற்ற இடம் சற்றே பழுத்திருக்கும். அந்த எல்லைக்கோடு ஓபியின் அகலத்தோடு பொருந்தினால் இரண்டும் பல காலம் சேர்ந்தே இருந்தவை என்று நம்பலாம்.

ஓபியில் அச்சான விலையும் சாட்சி சொல்லும். 2,000 யென் என்றால் 1970-களின் தொடக்கம். 2,500 யென் என்றால் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வந்தது. தட்டின் எண் இன்னும் தெளிவான சாட்சி. பீட்டில்ஸின் 'அபே ரோட்' 1969-ல் வந்தபோது அதன் எண் ஏ.பி.-8815. 1976 மறுபதிப்பில் ஈ.ஏ.எஸ்.-80560. ஒலிப்பிரியர்களுக்காகத் தோஷிபா ஈ.எம்.ஐ. பிறகு வெளியிட்ட 'புரோ யூஸ்' வரிசையில் ஈ.ஏ.எல்.எஃப்.-97001. மூன்றுமே ஜப்பான் தட்டுதான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. 'ஒரிஜினல் ஜப்பான் அபே ரோட்' என்று யாராவது விற்றால் முதலில் எண்ணைக் கேளுங்கள்.

நாடா எங்கிருந்து வந்தது?

மீதிப் பாதி உண்மைக்கு வருகிறேன். கசப்பானதுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தட்டு என்பது கடைசிப் படி. அதற்கு முந்தைய படி, நாடாவில் இருக்கும் இசையைப் பள்ளமாக வெட்டுவது. அந்த வெட்டு எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லண்டனில் பதிவான ஆல்பத்தின் மூல நாடா லண்டனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு நகல் எடுத்துத்தான் டோக்கியோவுக்கு அனுப்புவார்கள். சில சமயம் நகலின் நகல். ஒவ்வொரு நகலுக்கும் நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி சற்று மழுங்கும். அந்த மழுக்கத்தை ஈடுகட்ட மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கி வெட்டிய ஜப்பான் தட்டுகள் நிறைய. சிம்பல் பளிச்சென்று கேட்கும். பேஸ் கிட்டாரின் உடம்பு இளைத்திருக்கும்.

'டார்க் சைட்' ஆல்பத்தின் முதல் இங்கிலாந்துப் பதிப்பை வெட்டியவர் ஈ.எம்.ஐ.யின் ஹாரி மாஸ். மூல நாடா அவர் கையிலேயே இருந்தது. லேபிளில் நீல நிறம் நிரம்பிய முக்கோணத்தோடு வந்த அந்தத் தட்டில் மேற்பரப்பு ஜப்பான் தட்டு அளவுக்கு அமைதியாக இருக்காது. ஆனால் டிரம்ஸின் கனமும் குரலின் நெருக்கமும் வேறு ரகம். என் காதுக்கு அதுதான் முதலிடம். ஜப்பானின் முதல் பதிப்பு அதற்கு அடுத்து.

லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தில் இது இன்னும் அப்பட்டம். 1969-ல் அமெரிக்காவில் ராபர்ட் லுட்விக் என்ற இளைஞர் வெட்டிய முதல் பதிப்பு மிக உரக்க, மிக முரட்டுத்தனமாக ஒலித்தது. அட்லாண்டிக் நிறுவனத்தின் தலைவர் அகமத் எர்டகன் தன் மகளுக்கு ஒரு தட்டு கொடுத்தாராம். மகளின் மலிவான பிளேயரில் ஊசி பள்ளத்தைவிட்டுத் தாவியதாம். அந்த வெட்டை நிறுத்திவிட்டு, அடக்கி வாசிக்கும் புதிய வெட்டு ஒன்றைப் போட்டார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் 'ஆர்.எல்.' என்ற கீறல் இருக்கும் அந்த முதல் பதிப்பைத்தான் உலகமே தேடுகிறது. எவ்வளவு அமைதியான ஜப்பான் தட்டும் அந்த ஆல்பத்தில் அதன் பக்கத்தில் நிற்காது.

விதிவிலக்குகள் உண்டு. சில பதிப்புகளுக்கு நாடா வராமல், இங்கிலாந்தில் வெட்டிய உலோக அச்சே வந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அந்த வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கவேண்டும். இங்கிலாந்து எண்கள் அங்கே தெரிந்தால், இங்கிலாந்து வெட்டும் ஜப்பான் வினைலும் ஒரே தட்டில் கிடைத்திருக்கின்றன. இரண்டு நாட்டின் நல்லதும் சேர்ந்த தட்டு இது. பல கடைக்காரர்களுக்கே தெரியாமல் சாதாரண விலையில் கிடக்கும்.

ஜப்பானுக்கே சொந்தமானவை

ஆக, எந்த ஆல்பத்துக்கு ஜப்பான் தட்டுதான் மூலம்? ஜப்பானிலேயே பதிவாகி, ஜப்பானுக்கென்றே திட்டமிட்டவற்றுக்கு. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன டீப் பர்ப்பிள் ஒரு உதாரணம்தான். அதே 1972-ல் ஒசாகாவில் பதிவான சிகாகோ குழுவின் 'லைவ் இன் ஜப்பான்' பல ஆண்டுகள் ஜப்பானைத் தவிர வேறெங்கும் கிடைக்கவில்லை. அதில் இரண்டு பாட்டை அவர்கள் ஜப்பானிய மொழியிலேயே பாடியிருக்கிறார்கள். 1973 மே மாதம் ஒசாகாவில் பதிவான பெக், போகர்ட் அண்ட் அப்பிஸ் மூவரின் நேரடி ஆல்பமும் அப்படியே. ஜெஃப் பெக்கின் ரசிகர்கள் அதற்காகக் கண்டம் தாண்டி அலைந்தார்கள்.

பாப் டிலன் 1978 பிப்ரவரி, மார்ச்சில் புடோக்கானில் பாடிய இரட்டை ஆல்பம் முதலில் ஜப்பானுக்கென்றே திட்டமிட்டது. பிறகுதான் உலகத்துக்குப் போனது. சீப் டிரிக் குழுவின் கதை இன்னும் சுவாரசியம். தங்கள் நாடான அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்படாத அவர்களுக்கு, 1978 ஏப்ரலில் ஜப்பானில் பீட்டில்ஸுக்குக் கிடைத்தது போன்ற வரவேற்பு. 'அட் புடோக்கான்' தட்டு ஜப்பானில் மட்டும் வெளியானது. சுமார் 30,000 பிரதிகள் இறக்குமதியாகி அமெரிக்காவில் விற்றபிறகுதான், சொந்த நாட்டு நிறுவனம் விழித்துக்கொண்டு 1979-ல் அங்கே வெளியிட்டது. அந்தக் குழு அமெரிக்காவில் பெரிய நட்சத்திரமானது அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையின் சிகரம் என்று நான் சொல்வது சன்டானாவின் 'லோட்டஸ்'. 1973 ஜூலை 3, 4 தேதிகளில் ஒசாகாவில் பதிவாகி, 1974-ல் சி.பி.எஸ். சோனி வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பு. அட்டையை வடிவமைத்தவர் ஓவியர் ததனோரி யோக்கோ. கையில் எடுத்தால் முதலில் அதன் பருமன்தான் உறைக்கும். ஒரு மடிப்பைப் பிரித்தால் இன்னொரு மடிப்பு. அதைப் பிரித்தால் மேலும் ஒன்று. முழுக்க விரித்தால் 22 பக்கங்கள், தரையெல்லாம் படம்! ஐம்பது ஆண்டு பழைய மடிப்புகள் இவை. சில பிரதிகளில் கிழிய ஆரம்பித்திருக்கும், பிரிக்கும்போது இரண்டு கையும் வேண்டும். இத்தனை செலவு பிடிக்கும் அட்டையை அச்சடிக்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். அமெரிக்காவில் அந்த ஆல்பம் 1991 வரை வெளியாகவே இல்லை. எந்த மறுபதிப்பு வந்தாலும் 1974 ஜப்பான் தொகுப்பின் இடத்தை அதனால் பிடிக்க முடியாது. ஏனென்றால் அதுதான் மூலம்.

கடைத்தெருவும் கவனமும்

தேடிப் போகிறவர்களுக்கு டோக்கியோதான் தலைநகரம். ஷின்ஜுக்குவில் டிஸ்க் யூனியன் கடைகள் இசை வகைக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கின்றன. ஷிபுயாவின் உதகாவாச்சோ பகுதி 1990-களில் உலகிலேயே அதிக இசைத்தட்டுக் கடைகள் நெருக்கியடித்த இடமாகப் பெயரெடுத்தது. பல கடைகள் மூடினாலும், 2014-ல் எச்.எம்.வி. பழைய தட்டுகளுக்கென்றே அங்கே புதுக் கடை திறந்தது. ஜப்பானியக் கடைக்காரர்கள் தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுச் சீட்டில் எழுதிவிடுவார்கள். கீறல், கறை, ஓபியில் கிழிசல் எதையும் மறைப்பதில்லை. 2022-க்குப் பிறகு யென் மதிப்பு சரிந்ததால் வெளிநாட்டவர் கூட்டம் கூட்டமாக வந்து அள்ளுகிறார்கள். அலமாரிகள் முன்புபோல் நிரம்பியிருப்பதில்லை.

புதிதாக அச்சானவற்றின் கதை வேறு. 1982 அக்டோபரில் சி.டி. பிளேயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த சோனி, 1989-ல் தன் தொழிற்சாலையில் இசைத்தட்டு அச்சடிப்பதை நிறுத்தியது. அதன்பின் யோகோஹாமாவின் தோயோ கசெய் தொழிற்சாலைதான் ஏறக்குறைய தனியாக இந்தத் தொழிலைக் காப்பாற்றிவந்தது. 2018-ல் சோனி மறுபடி தொடங்கியது. 1980-களின் கடைசியில் வந்த ஜப்பான் எல்.பி.க்கள் அரிதானவை. எல்லோரும் சி.டி.க்கு மாறிக்கொண்டிருந்தபோது மிகக் குறைவாக அச்சானவை அவை.

நம் ஊரிலிருந்து தபாலில் வரவழைப்பவர்கள் தட்டின் விலையோடு அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். வந்ததும் பார்க்கவேண்டியவை இரண்டு. ஜப்பானின் மழைக்கால ஈரத்தில் அட்டையிலும் உள்தாளிலும் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கும். அது பெரும்பாலும் கண்ணுக்கு மட்டும்தான் குறை. இன்னொன்று ஆபத்தானது. பழைய பி.வி.சி. உறைக்குள் பல ஆண்டு கிடந்த தட்டின்மேல் புகை படிந்ததுபோல ஒரு மங்கல் இருக்கும். பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த ரசாயனம் வினைலில் ஏறியது அது. எவ்வளவு கழுவினாலும் போகாது. ஊசி ஓடும்போது 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் கூடவே வரும். விற்பவரிடம் முன்கூட்டியே இதைக் கேளுங்கள். தட்டு கைக்கு வந்ததும் பழைய பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, நாகவோக்கா நிறுவனத்தினுடையது போன்ற நல்ல உள்ளுறைக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஓபி இல்லாத ஜப்பான் தட்டு, ஓபியோடு இருப்பதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது. உள்ளே இருக்கும் வினைல் அதேதான், பள்ளம் அதேதான், அமைதியும் அதேதான். ஜப்பானில் பதிவான ஆல்பமென்றால் யோசிக்காமல் ஜப்பான் தட்டையே வாங்குங்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ பதிவானதென்றால் முதலில் வெற்று வளையத்தைப் பாருங்கள். முதல் தட்டை ஓபி இல்லாமல் வாங்கி, காதால் கேட்டு முடிவுசெய்யுங்கள்.